வாஷிங்டனின் சாமான் பட்டியலும் ரெங்கூன் கடுதாசியும்

சென்ற இதழில், அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன், அந்தப் பதவிக்கு வருவதற்கு முப்பது வருஷம் முன்னால் லண்டன் வியாபாரி ஒருவருக்குக் கட்டில், திரைச்சீலை எல்லாம் கேட்டு எழுதிய கடிதத்தைப் பற்றி ஒரு கேள்விக்கு நாலு வரி பதில் எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. முக்கால்வாசிக் கடிதங்கள் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து வந்தவை. காரணம் புரிகிறது, கடல் தாண்டிப் போய் வட்டித் தொழில் செய்த செட்டியார்களின் ஊர்கள் அவை. அந்தப் பக்கத்தில் ஏதாவது ஒரு பெரிய வீட்டு அறையில் ரெங்கூன், பினாங்கு, கொழும்புக் கடுதாசிகள் ஒரு தகரப் பெட்டியிலாவது கிடக்கும். ஆகவே இந்த இதழ் முழுக்க இதே விஷயம்தான், மற்ற கேள்விகளை அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கானாடுகாத்தான் வாசகர்: பண்ணை வைத்திருந்த ஒருவர் வீட்டுச் சாமானுக்கு ஏன் கடல் தாண்டி எழுத வேண்டும்? அங்கே கடையே இல்லையா?

கடை இருந்தது அய்யா. பெரிய பண்ணைக்காரர்களுக்கு லண்டன் சாமான் என்றால் ஒரு கௌரவம், அது பாதி. மீதி பாதி, அவர்கள் கையில் ரொக்கம் புழங்கியது குறைவு. வாஷிங்டனின் ஊரான வர்ஜீனியாவில் விளைந்தது புகையிலை. அதைப் பெரிய மரப் பீப்பாய்களில் அடைத்து ஆற்றுத்துறையில் கப்பலேற்றி லண்டனில் ஒரு வியாபாரிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே விற்கிறவரை சரக்கு பண்ணைக்காரருடையதுதான், விலை இறங்கினால் நஷ்டமும் அவருடையதுதான். லண்டன்காரர் அதை விற்று, வரி, கப்பல் கூலி, கிடங்குச் செலவு, தன் கமிஷன் எல்லாம் கழித்துக்கொண்டு மீதியை இவர் பேரில் வரவு வைப்பார். அந்த வரவை நம்பி இவர் சாமான் கேட்பார், அவர் கடை கடையாக ஏறி வாங்கி அடுத்த கப்பலில் அனுப்புவார். வேறு யாருக்காவது பணம் கொடுக்க வேண்டுமென்றால் லண்டன்காரர் பேரில் உண்டியல் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். உண்டியல் என்றால் என்ன என்று செட்டிநாட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக: இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடுங்கள் என்று எழுதித் தருகிற சீட்டு.

வாஷிங்டன் எழுதியது ராபர்ட் கேரி அண்ட் கம்பெனிக்கு. அது அவர் தேடிப் பிடித்த வியாபாரியும் இல்லை, மனைவி வழியில் வந்தது. 1759 ஜனவரியில் அவர் மார்த்தா கஸ்டிஸ் என்ற விதவையைக் கல்யாணம் செய்துகொண்டார். மார்த்தாவின் முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ் 1757-ல் இறந்தபோது விட்டுப்போனது 17,000 ஏக்கருக்கு மேல் நிலம், ஏறக்குறைய 300 அடிமைகள், இரண்டு சின்னப் பிள்ளைகள், அப்புறம் இந்த லண்டன் கணக்கு. 1759 மே 1-ம் தேதி வாஷிங்டன் கேரிக்கு எழுதிய கடிதத்தின் தொடக்கமே அபாரம். பாதிரியார் கொடுத்த கல்யாண சர்டிபிகேட்டை உள்ளே வைத்து, இனிமேல் காலஞ்சென்ற கஸ்டிஸின் விவகாரம் பற்றிய கடிதங்களை எல்லாம் எனக்கே எழுதுங்கள் என்கிறார். கல்யாணச் செய்தி, முகவரி மாற்றம், கணக்கு மாற்றம் மூன்றும் ஒரே வரியில் முடிந்துவிட்டது! அதோடு போன பட்டியலில்தான் அந்தக் கட்டில். நீலமும் வெள்ளையுமான திரை வேண்டும், அறையில் ஒட்டப்போகும் சுவர்க் காகிதத்துக்கு அது பொருந்த வேண்டும் என்று மாதிரிக் காகிதத்தையும் வைத்து அனுப்புகிறார்.

பிற்பாடு போன பட்டியல்களில் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான், படிக்கத் தொடங்குகிற குழந்தைகளுக்கான சின்னப் புத்தகம் எல்லாம் வரும். ஆனால் அவை வாஷிங்டன் கணக்கில் ஏறாது. மாற்றான் பிள்ளைகள், அவர்களுக்குத் தனிச் சொத்து இருக்கிறது, ஆகவே ஜாக்கி கணக்கு, பாட்ஸி கணக்கு என்று தனித்தனியாக எழுத வேண்டும். பொம்மை வாங்கினாலும் அது யார் பற்று என்று தெரிய வேண்டும். பாசம் இல்லாததால் அப்படி என்று நினைக்காதீர்கள், பாட்ஸிக்கு வலிப்பு நோய் வந்தபோது அந்த வீடு தவித்த தவிப்பு தனிக்கதை. பாசம் ஒரு பக்கம், பேரேடு ஒரு பக்கம். ஒரே காகிதத்தில் இரண்டும் இருக்கும், அவ்வளவுதான்.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி: கமிஷன் வியாபாரி கண்காணாத தூரத்தில் இருக்கிறார். விற்கிற விலையும் அவர் சொல்வது, வாங்குகிற விலையும் அவர் சொல்வது. ஏமாற்ற மாட்டாரா?

வங்கிக்காரர் சரியான இடத்தில் கை வைக்கிறார். இதே சந்தேகம் வாஷிங்டனுக்கு ஒன்றரை வருஷத்துக்குள் வந்துவிட்டது. 1760 செப்டம்பர் 28-ம் தேதிக் கடிதத்தில் கொட்டித் தீர்க்கிறார். நல்ல, நாகரிகமான சாமான் கேட்டால், பழங்காலத்தில் எங்கள் பாட்டன் பூட்டன் உபயோகித்திருக்கக்கூடிய சாமானை அனுப்புகிறீர்கள் என்கிறார். ஏற்றுமதிக்கு என்று தெரிந்தால் லண்டன் கடைக்காரர்கள் பழசையும் மட்டமானதையும் தலையில் கட்டிவிடுகிறார்கள், அதற்கு மேல் விலையிலும் 10, 15, சில சமயம் 20 சதவீதம் ஏற்றிவிடுகிறார்கள் என்று கணக்கே போட்டுக் காட்டுகிறார். கவனியுங்கள், கேரியை அவர் நேராகத் திட்டவில்லை. கடைக்காரர்களைத் திட்டுகிறார், கேரி அதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். உறவை அறுத்துக்கொள்ளாமல் உறைக்கிற மாதிரி எழுதுவது எப்படி என்று இன்றைக்கும் அந்தக் கடிதத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

ஆனாலும் அவரால் நிறுத்த முடியவில்லை. புகையிலை விலை அவர் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை, சாமான் கேட்பது மட்டும் குறையவில்லை. 1764-ல் கேரி கம்பெனி கணக்குப் பார்த்து, உங்கள் பேரில் 1,800 பவுண்டு போலப் பாக்கி நிற்கிறது என்று எழுத, வாஷிங்டனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இத்தனை வருஷமாக விடாமல் சரக்கு அனுப்பும் வாடிக்கைக்காரனை, கொஞ்சம் பிந்தியதற்காக இப்படி நெருக்குவதா என்ற தொனியில் பதில். பணம் கட்டுகிறேன் என்பதும் அதிலேயே இருக்கிறது, மனசு நொந்துவிட்டது என்பதும் இருக்கிறது. அடுத்த சில வருஷத்தில் புகையிலையைக் குறைத்துக் கோதுமைக்கு மாறிவிட்டார், தப்பித்தார்.

பின்னால் மூன்றாவது ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சன், அவரும் வர்ஜீனியாப் பண்ணைக்காரர், தப்பிக்கவில்லை. மாமனார் ஜான் வேல்ஸ் 1773-ல் இறந்தபோது சொத்தோடு இங்கிலாந்து வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டிய கடனும் மருமகன் தலையில் வந்து விழுந்தது. வர்ஜீனியாக்காரர்களின் கடன் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு எனத் தலைமுறை தலைமுறையாக இறங்கி, கடைசியில் பண்ணைக்காரர்களே லண்டன் கம்பெனிகளின் சொத்து மாதிரி ஆகிவிட்டார்கள் என்று அவரே பின்னால் எழுதினார். 1826 ஜூலை 4-ல் அவர் கண் மூடியபோது கடன் 1,00,000 டாலருக்கு மேல். அதில் சொந்தச் செலவும் சிநேகிதருக்குப் போட்ட ஜாமீனும் உண்டு, எல்லாவற்றையும் மாமனார் மேல் போட முடியாது.

இதைப் படிக்கும்போது நம்மவர்கள் எல்லாரும் வாஷிங்டன் பக்கம் உட்கார்ந்துகொண்டு பரிதாபப்படுகிறோம். எனக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. செட்டிநாட்டுப் பெட்டிகளில் இருக்கிற ரெங்கூன் காகிதங்களில் நம்மவர்கள் உட்கார்ந்திருந்தது கேரியின் நாற்காலியில். பணம் கொடுத்தவர்கள் நாம், தவணை கேட்டவர்கள் பர்மாக்காரர்கள்.

கல்லல் வாசகர்: ஒரு கடிதம் போய்ச் சேர எத்தனை நாள்? தபால் செலவு?

அட்லாண்டிக்கைத் தாண்ட ஆறு வாரம், எட்டு வாரம், காற்று சரியில்லை என்றால் அதற்கு மேலும். செப்டம்பரில் கேட்ட சாமான் அடுத்த வருஷம் வசந்தத்தில் வந்தால் அதிர்ஷ்டம். கப்பல் முழுகும், போர்க்காலத்தில் பிடிபடும், ஆகவே முக்கியமான கடிதத்துக்கு இரண்டு மூன்று பிரதி எழுதி வெவ்வேறு கப்பலில் அனுப்புவார்கள். உறை கிடையாது. எழுதிய தாளையே மடித்து, முகவரி எழுதி, அரக்கு வைத்து முத்திரை குத்துவார்கள். தபால் கூலியைப் பெரும்பாலும் வாங்குகிறவர்தான் கொடுக்க வேண்டும். அதனால் தெரிந்த கப்பல் கேப்டன், ஊருக்குப் போகிற சிநேகிதர் யாரிடமாவது கொடுத்துவிடுவதே வழக்கம். நம்மிலும் கப்பலேறுகிறவர் கையில் கடுதாசியும் ஊறுகாயும் கொடுத்துவிட்டது அதே காரணத்துக்குத்தான்.

பள்ளத்தூர் வாசகி: எங்கள் அப்பத்தா, அய்யா (தாத்தா) பர்மாவில் இருந்த வருஷங்களில் வீடு, வயல், வட்டி எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டார் என்று பெருமையாகச் சொல்வார்கள். அமெரிக்கப் பெரிய வீட்டுப் பெண்கள் வியாபாரக் கடிதம் எழுதியிருக்கிறார்களா, அல்லது அங்கேயும் ஆண்கள் ராஜ்ஜியம்தானா?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன் தாயே. எலைசா லூகாஸ் என்று ஒரு பெண். தெற்குக் கரோலினாவில் சார்லஸ்டன் பக்கம் வாப்பூ என்ற பண்ணை. அப்பா ஜார்ஜ் லூகாஸ் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, 1739-ல் ஸ்பெயினோடு போர் மூண்டபோது மேற்கிந்தியத் தீவான ஆன்டிகுவாவுக்குத் திரும்பப் போக வேண்டியதாகிவிட்டது. அம்மா சீக்காளி, தம்பிமார் இங்கிலாந்தில் படிக்கிறார்கள். மூன்று பண்ணைகளின் பொறுப்பு பதினாறு பதினேழு வயசுப் பெண்ணின் தலையில் விழுந்தது. அவள் செய்த நல்ல காரியம், தான் எழுதிய கடிதங்களை ஒரு நோட்டில் பிரதி எடுத்து வைத்தது. சிலவற்றை முழுசாக, சிலவற்றை இன்னாருக்கு இன்ன விஷயம் என்று ஒரு வரியில். 1739-லிருந்து 1762 வரைக்குமான அந்த நோட்டு இன்றைக்கும் இருக்கிறது.

1740 ஜூலையில் ஒரு குறிப்பு: பண்ணை விவகாரம் பற்றி அப்பாவுக்கு நீண்ட கடிதம் எழுதினேன், அவுரி, இஞ்சி, பருத்தி எல்லாம் போட்டுப் பார்க்கிறேன், மற்றதைவிட அவுரி மேல்தான் நம்பிக்கை என்று. அந்த ஊரில் நீலச் சாயத்தை வியாபார அளவில் எடுக்க யாராலும் முடியாமல் இருந்த சமயம். முதல் போகத்தைப் பனி கருக்கிவிட்டது. அப்பா விதை அனுப்பிக்கொண்டே இருந்தார், மான்ட்செராட் தீவிலிருந்து சாயம் காய்ச்சத் தெரிந்த ஒரு ஆளையும் அனுப்பினார். அவர் என்ன செய்தார் தெரியுமா? இங்கே தொழில் செழித்தால் தன் ஊர்த் தொழில் படுத்துவிடுமே என்று, தொட்டியில் சுண்ணாம்புத் தண்ணீரை அளவுக்கு மேல் ஊற்றிச் சாயத்தைக் கெடுத்துவிட்டார். வெகுகாலம் கழித்து மகனுக்கு எழுதிய கடிதத்தில் எலைசா அம்மாள் இதைச் சொல்கிறார், அப்போதும் கோபம் ஆறவில்லை. 1744 வாக்கில் சாயம் சரியாக வந்தது. விதையைப் பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்கும் கொடுத்தார். 1747-ல் அந்தக் காலனியிலிருந்து 1,35,000 ராத்தல் அளவுக்கு அவுரிச் சாயம் ஏற்றுமதியாகிவிட்டது.

நடுவில் அப்பா இரண்டு மாப்பிள்ளைகளைப் பார்த்து எழுதினார். அவர்களில் ஒரு வயசான பணக்காரரைப் பற்றி மகள் எழுதிய பதிலைப் படித்தால் எந்த வீட்டு ஆச்சியும் சிரிப்பார். 'மதிப்புக்குரிய ஐயா' என்று ஆரம்பித்து மரியாதையெல்லாம் முறையாகச் செலுத்திவிட்டு, பெரு நாட்டுச் செல்வமும் சிலி நாட்டுச் செல்வமும் சேர்ந்து அவரிடம் இருந்தாலும் அவரைக் கணவராக ஏற்கும் அளவுக்கு எனக்கு மதிப்பு வராது என்கிறாள்! அப்பாவும் விட்டுவிட்டார். 1744-ல் தனக்குப் பிடித்த சார்லஸ் பிங்க்னி என்ற வக்கீலையே கட்டிக்கொண்டார்.

அப்புறம் துக்கமும் உண்டு. 1753-ல் குடும்பத்தோடு இங்கிலாந்து போனார்கள். 1758-ல் திரும்பியபோது மகன்கள் இருவரையும் படிப்புக்காக அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். வந்த சில வாரத்தில் கணவர் மலேரியாவில் போய்விட்டார். பன்னிரண்டு வயசு, ஏழு வயசுப் பையன்களுக்கு, கடலுக்கு அந்தப் பக்கம், அப்பா செத்துப்போனதை எழுத வேண்டும். எப்படி எழுதுவேன், என்ன சொல்வேன் என்றுதான் அந்தக் கடிதம் தொடங்குகிறது. அந்தப் பையன்களுக்குச் செய்தி போய்ச் சேருவதற்குள் இங்கே மாதங்கள் ஓடியிருக்கும், பண்ணைக் கணக்குகளை மறுபடி கையில் எடுத்து எல்லாருக்கும் எழுத ஆரம்பித்துவிட்டார். மூத்த மகன் சார்லஸ் கோட்ஸ்வொர்த் பின்னால் அமெரிக்க அரசியல் சட்டத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். 1793-ல் அம்மாள் இறந்தபோது சவப்பெட்டியைத் தாங்கியவர்களில் வாஷிங்டனும் உண்டு.

வடக்கே போனால் அபிகேல் ஆடம்ஸ். கணவர் ஜான் ஆடம்ஸ், பின்னால் இரண்டாவது ஜனாதிபதியானவர், பெரிய பண்ணைக்காரர் இல்லை, வக்கீல். அவர் மாதக்கணக்கில் பிலடெல்பியாவில் காலனிகளின் காங்கிரஸ் கூட்டத்தில், பிறகு வருஷக்கணக்கில் ஐரோப்பாவில். 1775-ல் பிரிட்டனோடு சுதந்திரப் போர் மூண்ட சூட்டில் அபிகேல் எழுதுகிற கடிதத்தில் குண்டூசி கேட்கிறார். இங்கே குண்டூசிக்கு ஆலாய்ப் பறக்கிறார்கள், விலை ஏறிப்போச்சு, ஒரு கட்டுக்கு 6,000 ஊசி இருக்கும், கிடைத்தால் வாங்கி அனுப்புங்கள் என்று. வீட்டுத் தையலுக்கு 6,000 குண்டூசி எதற்கு? பின்னால் கணவர் ஐரோப்பாவிலிருந்து அனுப்பிய கைக்குட்டை, ரிப்பன், தேயிலை, பீங்கான் எல்லாவற்றையும் உறவினர்கள் மூலம் விற்றுக் குடும்பத்தை ஓட்டியது இந்த அம்மாள்தான். மிச்சம் பிடித்ததை நிலத்தில் போடு என்பார் கணவர், இல்லை அரசாங்கப் பத்திரத்தில்தான் லாபம் என்பார் இவர். லாபக் கணக்கில் அம்மாள் சொன்னதுதான் சரியாக இருந்தது.

கோட்டையூர் வாசகர்: அய்யா ரெங்கூனிலிருந்து ஆயாவுக்கு (பாட்டிக்கு) எழுதிய கடிதங்களைப் படித்தேன். சிவமயம், பிள்ளையார் சுழி, இவ்விடம் க்ஷேமம், அவ்வளவுதான், அப்புறம் வயல் குத்தகை, கோயில் வரி, யாருக்கு மொய் எவ்வளவு. ஒரு வரி அன்பாக இல்லை. வாஷிங்டன் போன்றவர்கள் மனைவிக்கு உருகி எழுதினார்களா?

உருகியிருக்கலாம். படிக்கத்தான் கொடுத்துவைக்கவில்லை. 1799 டிசம்பரில் வாஷிங்டன் இறந்த பிறகு, நாற்பது வருஷக் கடிதங்களை மார்த்தா அம்மாள் எரித்துவிட்டார். இரண்டு மட்டும் பேத்தி கைக்குப் போன மேசையின் டிராயரில் சிக்கிக் கிடந்து தப்பித்தன, இரண்டும் 1775 ஜூனில் படைத்தலைவர் பொறுப்பு வந்தபோது எழுதியவை. முதல் கடிதத்தில் இந்தப் பொறுப்பை நான் தேடிப் போகவில்லை என்று மன்றாடுகிறார், உன் தனிமையை நினைத்தால்தான் எனக்கு வேதனை என்கிறார். கூடவே உயில் எழுதச் சொல்லி வைத்துவிட்டேன் என்ற தகவல்! ஜெஃபர்சனும் 1782-ல் மனைவி இறந்த பிறகு தங்களுக்குள் எழுதிய கடிதங்களை அழித்துவிட்டார். தன் வாழ்நாளில் 19,000 கடிதம் போல எழுதி, வந்தது போனது எல்லாவற்றுக்கும் பட்டியல் வைத்திருந்த மனுஷர் அவர். இரண்டு பேனாவைக் கோத்து, ஒன்றால் எழுதினால் மற்றது தானே பிரதி எழுதும் ஒரு இயந்திரத்தை 1804-லிருந்து உபயோகித்தவர். அப்படிப்பட்டவரே அதை மட்டும் வைத்துக்கொள்ளவில்லை.

இப்போது உங்கள் பெட்டிக்கு வாருங்கள். அதில் என்ன தங்கியிருக்கிறது? ஐந்தொகை, பற்று வரவு, குத்தகை, வரி. ஏன் தங்கியது? நாளைக்குப் பங்காளி வழக்கு வந்தால், கடையைப் பார்த்த மேலாள் கணக்கில் சந்தேகம் வந்தால், குடும்பத்துக்கு இவ்வளவு என்று கட்டுகிற கோயில் புள்ளி வரியில் தகராறு வந்தால் அந்தக் காகிதம் வேண்டும். அன்பாக நாலு வரி எழுதிய துண்டுச்சீட்டை எந்தக் கோர்ட்டும் கேட்காது, அதனால் அதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அல்லது வேண்டியவர்கள் தாங்களே கிழித்துவிட்டார்கள். அங்கேயும் இதே கதைதான். வாஷிங்டன் கேரிக்கு எழுதியது பிரதியோடு பத்திரமாக இருக்கிறது, மார்த்தாவுக்கு எழுதியது சாம்பல். ஆகவே தங்கிய காகிதத்தை மட்டும் பார்த்து அய்யாவை ஈரமில்லாதவர் என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கடிதத்தைப் படித்தது ஆயா மட்டும்தானா? படிக்கத் தெரியாத காலத்தில் கணக்குப்பிள்ளையோ கொழுந்தனாரோ வளவு முற்றத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசித்திருப்பார், மாமியார், நாத்தனார் எல்லாம் சுற்றி இருந்திருப்பார்கள். அதில் எப்படி உருகுவது? அமெரிக்காவிலும் கடிதம் வீட்டுக்குள்ளே கைமாறும், சத்தமாக வாசிக்கப்படும், எதிராளி கையில் சிக்கினால் அச்சாகியும் விடும். 1775 ஜூலையில் ஜான் ஆடம்ஸ் மனைவிக்கும் ஒரு நண்பருக்கும் எழுதிய கடிதங்களை ஒரு இளம் வக்கீல் கொண்டுபோகும்போது பிரிட்டிஷார் பிடித்துவிட்டார்கள். அதில் சக காங்கிரஸ் உறுப்பினர் ஜான் டிக்கின்சனை மட்டமாகப் பேசியிருந்தார், பத்திரிகையில் வந்தே விட்டது. டிக்கின்சன் தெருவில் எதிரே வந்தபோது முகம் கொடுக்காமல் போனாராம். இதற்குப் பிறகும் ஆடம்ஸ் தம்பதி எழுதுவதை நிறுத்தவில்லை, எரிக்கவும் இல்லை, 1,100-க்கு மேல் இருக்கின்றன. அவர்கள் விதிவிலக்கு.

காரைக்குடி, பள்ளி ஆசிரியை: பிள்ளைகளுக்கு எழுதிய கடிதங்கள் எப்படி இருக்கும்?

பயமாக இருக்கும் டீச்சர். 1783 நவம்பரில் ஜெஃபர்சன் பதினோரு வயது மகள் பாட்ஸிக்கு எழுதியதைச் சொல்கிறேன், அம்மா இறந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, குழந்தை வேறு ஊரில் வேறு வீட்டில். காலை 8 முதல் 10 வரை சங்கீதம், 10 முதல் 1 வரை ஒரு நாள் நடனம், மறுநாள் ஓவியம், 3 முதல் 4 பிரெஞ்சு, 4 முதல் 5 மறுபடி சங்கீதம், 5-லிருந்து படுக்கிற வரை இங்கிலீஷ். ஒவ்வொரு தபாலிலும் எனக்கு எழுது, வாரத்துக்கு ஒரு கடிதம் அத்தை, சித்தி யாருக்காவது எழுது, ஒரு எழுத்துக்கூடப் பிழை வரக் கூடாது, சந்தேகம் வந்தால் அகராதியைப் பார். கண்டிப்பான தலைமை ஆசிரியர் மாதிரிதான். ஆனால் கடிதம் எழுதத் தெரியாமல் அந்த வகுப்பில் வாழ முடியாது, கல்யாணம், கடன், விருந்து எல்லாமே அதில்தான் நடந்தது. நம் பக்கம் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது தொழில் பழகுகிறவனாகச் சேர்ந்தவனுக்கு முதலில் கணக்கும் கையெழுத்தும் பழக்கினார்களே, அதே நோக்கம்.

திருப்பத்தூர் வாசகர்: இவ்வளவு நாகரிகமான கடிதங்களில் அடிமைகள் வருவார்களா, மறைத்துவிடுவார்களா?

மறைக்கவே மாட்டார்கள், அதுதான் அதிர்ச்சி. 1766 ஜூலை 2-ம் தேதி வாஷிங்டன், ஜோசப் தாம்சன் என்ற கப்பல் கேப்டனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். டாம் என்ற அடிமையை அனுப்புகிறேன், மேற்கிந்தியத் தீவில் விற்றுவிடுங்கள். இவன் போக்கிரி, ஓடிப்போகிறவன், ஆனால் ஆரோக்கியமானவன், பலசாலி, மண்வெட்டி வேலையில் கெட்டிக்காரன், ஆகவே நல்ல விலை போவான். கடலுக்குள் போகிறவரை கைவிலங்கைக் கழற்றாதீர்கள். கிடைக்கிற பணத்துக்கு ஒரு பீப்பாய் வெல்லப்பாகு, ஒரு பீப்பாய் ரம், மலிவாகக் கிடைத்தால் எலுமிச்சை, சுமார் பத்து ராத்தல் புளி ஒரு பானையில், கொஞ்சம் மிட்டாய், மீதிக்கு நல்ல பழைய சாராயம் வாங்கி வாருங்கள்.

புளி! சமையற்கட்டில் நாம் தினமும் கரைக்கிற புளி. கட்டிலுக்குத் திரை கேட்ட அதே கை, அதே மரியாதை, அதே பட்டியல் நடை. டாமுக்கு மனைவி மக்கள் இருந்தார்களா என்பதற்கு அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. எலைசாவின் அவுரித் தொட்டியில் இறங்கி நின்று கலக்கியவர்களும் அடிமைகள்தான். பண்ணைக் கணக்கில் அவர்கள் வருவார்கள், கடிதம் எழுதுகிறவர்களாக வரமாட்டார்கள்.

அடிமை முறையும் வட்டித் தொழிலும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, சொன்னால் தப்பு. நம்மவர்கள் பணம் கொடுத்தார்கள், கீழ் பர்மாவில் காடு திருத்தி நெல் விளைந்ததில் அந்தப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் 1930-ல் நெல் விலை சரிந்து கடன் திரும்பாமல் போனபோது நிலம் கைமாறியது. அங்கே முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம், 1937-ல் 25 சதவீதம். ஒவ்வொரு ஏக்கருக்குப் பின்னாலும் ஒரு பர்மியக் குடியானவர் இருந்தார். உங்கள் வீட்டுப் பேரேட்டில் அவர் பேர், அசல், வட்டி, அடமானம் இருக்கும். அவர் என்ன நினைத்தார் என்பது அதில் இருக்காது. பிறகு 1942-ல் ஜப்பான் படை வந்ததும், நம்மவர்கள் கால்நடையாகத் திரும்பியதும், சுதந்திர பர்மாவில் நிலம் போனதும் எல்லாருக்கும் தெரிந்த கதை, நம் கஷ்டத்தை நாம் நன்றாகவே எழுதிவைத்திருக்கிறோம்.

ஆத்தங்குடி வாசகி: இந்த அமெரிக்கக் கடிதங்களைப் பணம் கட்டாமல் படிக்க முடியுமா?

முடியும். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் தளத்தில் வாஷிங்டன், ஜெஃபர்சன், ஆடம்ஸ் கடிதங்கள் இலவசம். நான் சொன்ன தேதியைத் தட்டினால் வந்துவிடும். எலைசாவின் நோட்டு புத்தகமாக வந்திருக்கிறது.

கண்டனூர் வாசகர்: வீட்டைப் பங்கு பிரிக்கிறோம். ஒரு மரப்பெட்டி நிறையக் கடிதம், கணக்குச் சிட்டை. கரையான் வேறு. முனீஸ்வரன் கோவில் தெருப் பழஞ்சாமான் கடையில் பெட்டிக்கு விலை சொல்கிறார்கள், காகிதத்துக்குச் சொல்லவில்லை. என்ன செய்யலாம்?

பெட்டியை விற்றுக்கொள்ளுங்கள், காகிதத்தைக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் கரையான் இல்லாத காய்ந்த அறைக்கு மாற்றுங்கள். வெயிலில் பரப்பாதீர்கள், நிறம் போய் நொறுங்கும். செலோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் கடைப் பக்கமே போகாதீர்கள். கயிறு கட்டிய கட்டைப் பிரித்தால் எது எதற்கு அடுத்து இருந்தது என்பதைப் பென்சிலால் எண் போட்டுவிட்டுப் பிரியுங்கள், அந்த வரிசையில்தான் பாதி விஷயம் இருக்கிறது. செல்போனில் படம் எடுத்துப் பங்காளிகள் எல்லாருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிட்டால் அசலுக்கு அடிதடி குறையும். மற்றவர்களின் கடன் விவரம் இருக்கும், அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டு யார் தாத்தா யாரிடம் வாங்கினார் என்று ஆரம்பித்துவிடாதீர்கள்.

வைத்துக்கொள்ள முடியாது என்றால் நூலகத்துக்குக் கொடுக்கலாம். கண்டனூரிலிருந்து கூப்பிடுதூரத்தில் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார், ஊர்க்காரர்கள் குப்பை என்று ஒதுக்கிய காகிதத்தையெல்லாம் ஒரு வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அவர் காலத்துக்குப் பிறகு அதை வாங்க முன்வந்தது அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம். ஆனாலும் சேகரிப்பு நாட்டைவிட்டுப் போகவில்லை, 1994-லிருந்து அவர் பெயரிலேயே சென்னையில் நூலகமாக இருக்கிறது. அங்கே கேட்டுப் பாருங்கள். கொடுப்பதற்கு முன்னால், வீட்டில் எண்பது தாண்டிய ஆச்சி யாராவது இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்து, கடிதத்தில் வருகிற 'சின்னவர்', 'மேலவீட்டார்', 'பினாங்கு மாமா' எல்லாம் யார் யார் என்று கேட்டு எழுதிவிடுங்கள். நூலகத்துக்காரர்களுக்கு அது தெரியாது. பங்கு பிரிக்கிற தேதிக்கு முன்னால் செய்யுங்கள், அதற்குப் பிறகு ஒருவரும் உட்கார்ந்து பேச மாட்டார்கள்.